சும்மாட்டுக்குச் சாட்சி

நான் யாரையும் லேசில் மெச்சுகிறவள் இல்லை. என் வீட்டுக்காரர் ஞானசிகாமணியைக் கேட்டால் தெரியும்; கல்யாணமான நாளிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். தேனி பஜாரில் எங்களுக்குச் சிமெண்டு, கம்பிக் கடை. போர்டில் அவர் பெயர், கல்லாவில் நான். ஒரு ஊர் வளருகிற காலத்தில் சிமெண்டுக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தால் ஊரில் உள்ள அத்தனை பேரையும் பார்த்துவிடலாம். காண்ட்ராக்டர்கள், என்ஜினீயர்கள், புதுப்பணக்காரர்கள் எல்லாரும் வந்து போனார்கள். ஒருவரைப் பார்த்தும் நான் வாயைப் பிளந்ததில்லை.

ஒரே ஒரு ஆளைப் பார்த்துத்தான் பிரமித்துப்போய் நின்றேன். அவள் எங்கள் கடையில் அரை மூட்டை சிமெண்டுகூட வாங்கியவள் இல்லை. வாங்கினவர்களுக்குத் தலையில் சுமந்துகொண்டு போனவள். பெயர் சங்கிலியம்மாள்.

சொந்த ஊர் ஜெயமங்கலம். கல்யாணம் பண்ணிப் பழனிசெட்டிபட்டிக்கு வந்து, அங்கேயிருந்து சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் சுருளியாண்டி ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டக் காவல். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவான். அவள் வாய்க்குப் பயந்துதான் அவ்வளவு தூரத்தில் வேலை தேடிக்கொண்டான் என்று கொத்தனார்கள் கேலி பேசுவார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு, "ஆமாண்ணே, திராட்சைக்கு நரி வரும்னு அவரு அங்கன காவலு. இங்கன நரிகளுக்கு நான் காவலு" என்பாள். அதோடு கேலி நின்றுவிடும்.

கட்டையான உருவம். கழுத்து மட்டும் நிமிர்ந்தே இருக்கும். சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான் நடப்பாள். கடைக்கு முன்னால் மூட்டை ஏற்றும்போது அவளை மட்டும் யாரும் "ஏ புள்ள, இந்தா" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நான் சொல்வது எழுபதுகளின் நடுவில் நடந்தது. அப்போது தேனி மதுரை மாவட்டத்தில் இருந்தது. சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க வேண்டும். ஏலக்காய்ப் பணமும் திராட்சைப் பணமும் மாடி வீடுகளாக எழும்பிக்கொண்டிருந்தன. வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரு கொத்தனார் என்றால் அவருக்கென்று ஒன்றிரண்டு சித்தாள்கள் இருப்பார்கள். கலவை குழைப்பது, செங்கல் எடுத்துக் கொடுப்பது, சாந்துச் சட்டியைச் சாரத்தில் ஏற்றுவது எல்லாம் அவர்கள்தான். காண்ட்ராக்டருக்குக் கொத்தனாரைத் தெரியும். கொத்தனாருக்குச் சித்தாளைத் தெரியும். வேறு யாருக்கும் அவளைத் தெரிய வேண்டியதில்லை என்பதுதான் நடைமுறை.

சரக்கு அடுக்கி வைக்கிற எங்கள் கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதைக் கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்கு விட்டிருந்தோம். தலைவர் சங்கரலிங்கம் மேஸ்திரி. நேர்மையான மனுஷர். ஆனால் சுவருக்கு மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை விழுங்கினவர். எதுவும் ஒரு நூல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாயக்கூடாது அவருக்கு. சங்கம் தொடங்கின புதிதில் காண்ட்ராக்டர்களின் ஒற்றர்கள் உறுப்பினர் என்று உள்ளே நுழைந்து, பேசியதையெல்லாம் போய்ச் சொல்லிவிட்டார்களாம். அதற்காக அவர் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார். வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும்தான் புது ஆள் சேர்க்கை. சேருகிறவன் தன் கருவியைக் கொண்டுவந்து பூஜையில் வைக்க வேண்டும். அவனோடு வேலை பார்த்த பழைய உறுப்பினர் ஒருவர் எழுந்து, அந்தக் கருவியைத் தொட்டு, "இந்தக் கை எனக்குத் தெரியும்" என்று சொல்ல வேண்டும். சாட்சி இல்லாத கருவி சாமி முன்னால் இருக்கிற வரைக்கும் சூடம் காட்டக் கூடாது. ஒன்று சாட்சி வரவேண்டும், இல்லையென்றால் கருவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

கொத்தனாரின் கரண்டி, தச்சரின் உளி, பெயிண்டரின் பிரஷ், கம்பி கட்டுகிறவரின் கொக்கி என்று எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருந்தது. சித்தாளுக்கு ஏது கருவி? அதனால் சித்தாள்கள் யாரும் சங்கத்தில் இல்லை. இல்லை என்பதை அதுவரைக்கும் யாரும் கவனித்ததுமில்லை. நானும்தான்.

ஊருக்கு வெளியே ஒரு பஞ்சு மில்லுக்குப் புது ஷெட் எழும்பிக்கொண்டிருந்தது. காண்ட்ராக்டர் ராஜமணி எடுத்திருந்தார். அங்கே தங்கபாண்டி என்ற கொத்தனாருக்குச் சித்தாளாக இருந்தவள் இருளம்மாள். சங்கிலியம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி, சின்னப் பெண். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு இருளாயி. ஒரு நாள் மத்தியானம் சாரத்துக் கயிறு இற்றுப்போய் அறுந்தது. தலையில் சாந்துச் சட்டியோடு மேலே நின்றவள் சட்டியோடு கீழே விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தங்கபாண்டிதான் அவளை அள்ளிக்கொண்டு ஓடி, மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரியில் போட்டான். அதை எத்தனையோ பேர் பார்த்தார்கள்.

அந்த வாரமே ராஜமணி கம்பிக்கு ஆர்டர் கொடுக்க எங்கள் கடைக்கு வந்தார். என் வீட்டுக்காரர் மரியாதைக்கு, "யாரோ பொம்பளை விழுந்துட்டாகளாமே" என்றார்.

"நம்ம சைட்லயா? அப்படி ஒரு பொம்பளையே நம்ம வேலையில இல்லியே" என்றார் ராஜமணி. சொல்லிவிட்டு, கம்பி எப்போது வரும் என்று கேட்டார். ஒரு முடி கலையவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் தராசுக் கல்லை எடுத்துவிடுவேனோ என்று பயந்து கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

தங்கபாண்டியும் மாறிப்போனான். அடுத்து ஒரு பெரிய பங்களா வேலை அவனுக்கென்று ராஜமணி சொல்லியிருந்தாராம். யாராவது கேட்டால், "நான் அந்தப் பக்கச் சுவத்துல இருந்தேன், பாக்கல" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

சரக்கு எடுக்க நான் மதுரைக்குப் போகிற நாளில் சங்கிலியம்மாள் வந்து, "கடைக்காரம்மா, ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன்" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். இருளம்மாள் கட்டிலில் காலில் கட்டோடு கிடந்தாள். முடியெல்லாம் சிக்குப் பிடித்து, சிமெண்டுத் தூள்கூட இன்னும் முழுதாகப் போகவில்லை. சங்கிலியம்மாள் மடியிலிருந்து சீப்பை எடுத்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். வழக்கமாக நிற்காத வாய் அன்றைக்கு அசையவே இல்லை.

இருளம்மாள்தான் பேசினாள். "அக்கா, நான் அங்கன வேலையே பாக்கலன்னு சொல்றாகளாம்ல? தங்கபாண்டியண்ணனும் பாக்கலன்னு சொல்றாகளாம்."

சீப்பு நின்றது.

"அப்ப நான் எங்கனயிருந்துக்கா விழுந்தேன்?"

அழுகையோடு கேட்டிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். அவள் நிஜமாகவே பதில் தெரியாதவளாகக் கேட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சங்கிலியம்மாள் ஆண்டிபட்டி கணவாய் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "செலவ எப்படியும் நாங்க பாத்துக்கிருவோம்மா. அவளை இல்லன்னுட்டாக பாருங்க, அதத்தான் தாங்க முடியல" என்றாள்.

மறுநாளே ஜக்கம்மா, மொக்கம்மாள் என்று நாலைந்து சித்தாள்களைக் கூட்டிக்கொண்டு சங்கக் கொட்டகைக்குப் போனாள். கிட்டங்கியின் பின்வாசலில் நின்றால் அங்கே பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கும். கேட்கத்தானே நின்றேன்.

"காண்ட்ராக்டர்ட்ட சங்கம் பேசணும்யா" என்றாள்.

சங்கரலிங்கம் மேஸ்திரி மனசு இளகாதவர் இல்லை. ஆனால் ரசமட்டம் இருக்கிறதே. "ஆத்தா, சங்கத்துல இருக்கிறவுகளுக்குத்தான் சங்கம் பேச முடியும். நாளைக்கு அவரு, இவ உங்க ஆளான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"அப்ப எங்களைச் சேத்துக்கங்க."

"கருவி இருந்தா சேக்கலாம். உங்களுக்கு ஏதுத்தா கருவி?"

பெயிண்டர் அம்மாவாசி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "உங்களுக்கும் சேத்துத்தான நாங்க பேசுறோம். தனியா எதுக்கு?" என்றான்.

"இருளாயிக்கு யாருண்ணே பேசுனீக?" என்று கேட்டாள் சங்கிலியம்மாள். அம்மாவாசி பீடியைப் பற்றவைக்கக் குனிந்துகொண்டான். அவள் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தாள். நேரே கடைக்குள் வந்து, சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, "ஆயுத பூசை என்னைக்கு வருது, கடைக்காரம்மா?" என்று கேட்டாள். சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். என்ன திட்டம் என்று எனக்கே சொல்லவில்லை. எனக்குச் சொல்லாத விஷயம் அந்தப் பஜாரில் வேறு எதுவும் இருந்ததில்லை என்பதால் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆயுத பூஜை வந்தது. நான் சர்ச்சுக்குப் போகிறவள், பூஜையில் போய் நிற்க மாட்டேன். ஆனால் சொந்தக் கிட்டங்கியின் பின்வாசலில் நிற்கக் கூடாது என்று எந்த வேதத்திலும் எழுதவில்லை. கொட்டகையைக் கழுவிக் கோலம் போட்டு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் பலகை போட்டு, அதில் கரண்டிகளும் தூக்குக்குண்டுகளும் மட்டக்கோல்களும் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. பொரிகடலை, சுண்டல் வாசனை என் மூக்கு வரைக்கும் வந்தது. புதிதாகச் சேருகிற இரண்டு மூன்று பையன்களுக்குச் சாட்சி சொல்லி முடித்து, மேஸ்திரி சூடத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போதுதான் பெண்கள் வந்தார்கள். எண்ணெய் வைத்துத் தலை சீவி, பூ வைத்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு சும்மாடு. சுமைக்கு அடியில் தலையில் வைப்பதற்குப் பழஞ்சேலையைச் சுருட்டி வளையமாக வைத்திருப்பார்களே, அதேதான். துவைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொண்டுவந்திருந்தார்கள். முன்னால் வந்தவள் சங்கிலியம்மாள்; அவள் கையில் மட்டும் இரண்டு.

"கருவி கொண்டாந்திருக்கோம்யா" என்றாள்.

கொட்டகையே எழுந்துவிட்டது. அம்மாவாசிதான் முதலில் கத்தினான். "தலையில வைக்கிற அழுக்குத் துணியக் கொண்டாந்து சாமிக்கு முன்னால வைக்கிறதா? வெளங்குமா சங்கம்?"

நான் அவள் பதிலுக்குக் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. பலகையில் இருந்த ஒரு கரண்டியைக் காட்டி, "இந்தக் கரண்டியில ஏறுன சாந்து எது வழியா மேல வந்துச்சுண்ணே?" என்று நிதானமாகக் கேட்டாள். "தேனியில நிக்கிற அம்புட்டு மாடியும் இது மேல ஏறித்தான் போயிருக்கு. இது கருவியில்லன்னு மேஸ்திரி சொல்லட்டும், கொண்டு போயிர்றோம்."

சங்கரலிங்கம் மேஸ்திரி அந்தச் சும்மாட்டைப் பார்த்தார். தன் கரண்டியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்த மனுஷர் மட்டம் பார்க்கிறபோது அப்படித்தான் பார்ப்பார். கடைசியில், "வைக்கலாம்" என்றார். "ஆனா சாட்சி வேணும்."

"வேணும்யா. உங்க கட்டுப்பாடு அப்படியே இருக்கட்டும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று. சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மொக்கம்மாள் தன் சும்மாட்டைப் பலகையில் வைத்தாள். எல்லாரும் அவளுடைய கொத்தனாரைப் பார்த்தார்கள். அவர் கூச்சத்தோடு எழுந்துவந்து, சும்மாட்டைத் தொட்டு, "இந்தக் கை எனக்குத் தெரியும்" என்றார். எப்படித் தெரியாது என்று சொல்ல முடியும்? அந்தக் கை கொடுத்த செங்கல்லை வாங்கித்தானே அவர் அத்தனை வருஷமாகச் சுவர் வைத்தார்! ஜக்கம்மா வைத்தாள். அவள் கொத்தனார் எழுந்தார். ஒருத்தி வைக்க, ஒருவர் எழுந்தார். சாமி முன்னால் நின்றுகொண்டு, தன் கருவியை வைத்த அதே பலகையில், தெரியாது என்று பொய் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. அவரவர் சித்தாளை அவரவர் வாயாலேயே ஊரறியச் சொல்ல வைத்துவிட்டாள்.

கடைசியில் இரண்டு சும்மாடு பாக்கி. சங்கிலியம்மாள் அதில் ஒன்றை எடுத்து வைத்தாள். அது மட்டும் துவைக்காதது. சாந்து வழிந்து காய்ந்து, கல்லாக இறுகிப்போயிருந்தது. பலகையில் வைத்தபோது டொக்கென்று சத்தம் கேட்டது.

"இது யாரு கருவி?" என்று கேட்டார் மேஸ்திரி.

"இருளம்மா. மில்லு ஷெட்டுல விழுந்தப்ப தலையில இருந்தது."

அதற்குமேல் ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. தங்கபாண்டி இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மற்ற எல்லாரும் பார்த்தார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவன் தரையைப் பார்த்தான். எழுந்தால் பங்களா வேலை போய்விடும். ராஜமணியின் கணக்கில் அவன் பெயரே இருக்காது. எழாவிட்டால் சூடம் ஏற்ற முடியாது.

மேஸ்திரியின் கையில் சூடம் அப்படியே இருந்தது. பெண்கள் யாரும் உட்காரவில்லை. யாராவது ஒருத்தி ஒரு சொல் குத்திப் பேசியிருந்தால் அவன் கோபத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு வெளியே போயிருப்பான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சங்கிலியம்மாளோ பஜார் முழுக்கப் பயந்த அந்த வாயை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, அவனுக்காகப் பொறுமையாகக் காத்து நின்றாள். ஒருவனை அவன் மனசாட்சியோடு தனியாக விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிற அந்தப் பெரிய மனசு எனக்கெல்லாம் சத்தியமாக வராது.

தங்கபாண்டி எழுந்தான். நடந்துவந்து அந்த இறுகிப்போன சும்மாட்டைத் தொட்டான். தொட்ட கையை எடுக்கவில்லை.

"இந்தக் கை எனக்குத் தெரியும்" என்றான். பிறகு யாரும் கேட்காமலே, "என் சாரத்துல இருந்துதான் விழுந்தா. நான்தான் தூக்குனேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டான். "நல்லாருப்ப தம்பி" என்றாள் சங்கிலியம்மாள்.

இன்னும் ஒரு சும்மாடு இருந்தது. அவளுடையது. கடைசியாக அதை வைத்தாள்.

அவள் யாருக்கும் நிலையான சித்தாள் இல்லை. அவள் பேச்சைத் தாங்காமல் கொத்தனார்கள் மாற்றி மாற்றி விட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த வருஷம் அவளை வேலைக்கு வைத்திருந்தவர் குமுளிப் பக்கம் மலையாளச் சீமைக்கு வேலைக்குப் போய்விட்டார். ஆனால் அந்தக் கொட்டகையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் சட்டி தூக்கியிருக்கிறாள். அம்மாவாசி பூசின வீட்டுக்குக்கூட அவள்தான் தண்ணீர் சுமந்தாள். மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அடுத்தவரைப் பார்த்தார், அடுத்தவர் கூரை மோட்டைப் பார்த்தார். மற்றவர்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டிவந்த கடுப்பையெல்லாம் அந்த ஒரு சும்மாட்டில் காட்டினார்கள். ஒரு ஆள் எழவில்லை.

எனக்கு மட்டும் சங்கத்தில் இடம் இருந்திருந்தால் அன்றைக்குக் கூரை பிய்ந்திருக்கும்.

சங்கிலியம்மாள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு குனிந்து தன் சும்மாட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "சூடத்தைக் காட்டுங்கய்யா. எல்லாரும் பசியோட இருக்காக" என்றாள். கொட்டகையை விட்டு வெளியே வந்து, என் பக்கத்தில், கிட்டங்கி வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். உள்ளே தீபாராதனை நடந்தது. அவள் முகத்தில் நான் வருத்தத்தைத் தேடினேன். அப்படி ஒரு சந்தோஷத்தை எந்தக் கிரகப்பிரவேசத்திலும் நான் பார்த்ததில்லை.

"உன்னை மட்டும் விட்டுட்டாகளேடி!" என்றேன்.

"இருளாயி உள்ள போயிட்டாள்ல, கடைக்காரம்மா" என்றாள்.

அடுத்த வாரம் மில்லு ஷெட்டுக்குத் தளம் போட வேண்டிய நாள். காங்கிரீட் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. கீழேயிருந்து மேல்வரைக்கும் சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இருளம்மாளுக்குப் பதில் சொல்லாமல் சங்கம் ஒரு ஆளையும் அனுப்பாது என்று மேஸ்திரி சொல்லியனுப்பினார். ராஜமணி கொட்டகைக்கே வந்துவிட்டார்.

பெண்களுக்காக ஜக்கம்மா பேச வேண்டும் என்று ஏற்பாடு. அவளோ தன் பெயரைக் கேட்டாலே பாதியைத்தான் சொல்வாள், அவ்வளவு கூச்சம். சங்கிலியம்மாளை உள்ளே வந்து பேசச் சொல்லி மேஸ்திரியே கூப்பிட்டார். "நான் சங்கத்துல இல்லையேய்யா. கட்டுப்பாட்ட நான் ஒடைச்சா அவரு நாளைக்கு எல்லாத்தையும் ஒடைப்பாரு" என்று சொல்லிவிட்டு என்னோடு வாசலில் நின்றுகொண்டாள்.

ஜக்கம்மா எழுந்தாள். வாசலைப் பார்த்தாள். சங்கிலியம்மாள் சும்மா தலையை அசைத்தாள், அவ்வளவுதான்.

"ஐயா" என்றாள் ஜக்கம்மா. குரல் நடுங்கியது. "இருளாயி எங்கனயிருந்து விழுந்தா?"

ராஜமணி சிரித்தார். "அதை எங்கிட்டக் கேட்டா?"

"எங்கனயிருந்துய்யா விழுந்தா?" இரண்டாவது தடவை குரல் நடுங்கவில்லை.

அவர் தங்கபாண்டியைப் பார்த்தார். "நம்ம சைட்லதாங்க. என் சாரத்துல" என்றான் தங்கபாண்டி. சாட்சி சொன்ன நாலு கொத்தனார்கள் ஆமாம் என்றார்கள். ராஜமணி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கலைந்த முடியை அன்றைக்குத்தான் பார்த்தேன். "சரி. என் வேலையிலதான் விழுந்தா. இப்ப என்ன? வைத்தியத்த நான் பாத்துக்கிறேன்" என்றார்.

பெண்கள் யாரும் கை தட்டவில்லை. ஜக்கம்மா வாசலைப் பார்த்து அழுதாள். தங்கபாண்டிக்கு அந்தப் பங்களா வேலை கிடைக்கவில்லை. அதற்காக அவன் வருத்தப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

அந்த வருஷம் முழுக்க சங்கிலியம்மாள் சங்கத்துக்கு வெளியேதான் இருந்தாள். கூட்டம் நடக்கும்போது எங்கள் கிட்டங்கி வாசல்தான் அவள் இடம். உள்ளே ஏதாவது பேச்சு முட்டினால் ஒருத்தி எழுந்து வெளியே வருவாள், கேட்டுக்கொண்டு உள்ளே போவாள். பால்குடிப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு வேலையிடத்தில் ஒரு கீற்றுப்பந்தல் வேண்டும் என்பது அப்படித்தான் தீர்மானமானது. பழைய கயிற்றில் சாரம் கட்டினால் ஏற மாட்டோம் என்பதும் அப்படித்தான். அம்மாவாசி ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "சங்கிலி, அடுத்த பூசைக்கு நானே சாட்சி சொல்றேன்" என்றான். "பூசை வரட்டும்ணே" என்றாள்.

பின்னாட்களில் அவள் சங்கத்துக்குத் துணைத்தலைவி ஆனாள். எண்பதுகளில் லேபர் ஆபீசில் பேச்சுவார்த்தை என்றால் மேஸ்திரிக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்குத்தான். அங்கேயும் கழுத்து அதே நிமிர்வில்தான் இருக்கும். அதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மறு வருஷத்து ஆயுத பூஜை.

இருளம்மாள் ஊர் திரும்பியிருந்தாள். ஒரு கால் குட்டையாகிப்போயிருந்தது. கம்பு ஊன்றித்தான் நடக்க முடியும். சாரம் ஏறுகிற காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் அவள் உறுப்பினர். சாந்து இறுகின அவள் சும்மாடு பலகையில் கரண்டிகளுக்கு நடுவில் இருந்தது.

சங்கிலியம்மாள் உள்ளே வந்து தன் சும்மாட்டை வைத்தாள். வைத்த கையோடு நாலைந்து ஆண்கள் எழுந்துவிட்டார்கள். அம்மாவாசிதான் முன்னால் வந்தான்.

"உக்காருங்கண்ணே" என்று ஒரு குரல் வந்தது. இருளம்மாள். "எல்லாரும் உக்காருங்க. போன வருசம் உக்காந்துதான இருந்தீக."

உட்கார்ந்துவிட்டார்கள். அவள் கம்பை ஊன்றினாள். எழ முயன்று, முடியாமல், மறுபடி ஊன்றி எழுந்தாள். பிடிக்க வந்த ஜக்கம்மாவை வேண்டாம் என்று விலக்கினாள். அந்தச் சின்னக் கொட்டகையின் குறுக்கே அவள் நடந்துவர நேரமானது. மேஸ்திரி சூடத்தோடு காத்திருந்தார்.

பலகைக்கு முன்னால் வந்து, கம்பை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து சும்மாட்டைத் தொட்டாள்.

"இந்தக் கை எனக்குத் தெரியும்" என்றாள். "ஆஸ்பத்திரியில எனக்குச் சிக்கெடுத்த கை."

சங்கிலியம்மாள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மேஸ்திரி சூடத்தை ஏற்றினார். நான் சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனாலும் கிட்டங்கி வாசலில் நின்றபடி கையெடுத்துக் கும்பிட்டேன். சாமியை இல்லை, அவளை.